மொரிஷியஸின் மலைப் பக்கம்: கோட்டை, கோவில், காடு பார்க்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும், பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்தும் இங்கே வரும் நம் மக்களில் பலர் கடற்கரை ஓட்டலிலேயே ஒரு வாரத்தைக் கழித்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். கடல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தீவின் கதை முழுக்க மலைப் பக்கம்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்களும் அவர்கள் மூலம் தொலைபேசியில் விசாரிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு சின்னத் தீவில் மலை என்று சொல்ல என்ன இருக்கிறது?

எரிமலை கக்கியதில் உருவான தீவு இது. உயரத்தை மட்டும் பார்த்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பக்கத்தில்கூட வராது. மிக உயர்ந்த சிகரமான பிளாக் ரிவர் சிகரமே 828 மீட்டர்தான். ஆனால் கடலுக்குப் பக்கத்திலேயே செங்குத்தாக எழும்பி நிற்பதால் 500 மீட்டர் மலைகூட அண்ணாந்து பார்க்க வைக்கும். பீட்டர் போத் மலையின் (820 மீட்டர்) உச்சியில் ஒரு பெரும்பாறை தனியாக உட்கார்ந்திருக்கும். தலைநகர் போர்ட் லூயிஸுக்குப் பின்னால் கட்டைவிரலை நீட்டியது போல நிற்பது லெ பூஸ் (812 மீட்டர்). 1836இல் பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் ஏறிப் பார்த்த மலை அது. நடுவில் மேட்டு நிலம், அதில்தான் கியூர்பிப் முதலிய ஊர்கள். கீழே வெயில் கொளுத்தும் நாளில் அங்கே குடை பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

மலை ஏறவும் காட்டில் நடக்கவும் மே முதல் அக்டோபர் வரை. இங்கே அதுதான் குளிர்காலம், மழையும் குறைவு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெயிலும் புழுக்கமும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயமும் உண்டு. புயல் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் பேருந்து நிற்கும், காட்டுப் பாதைகளை மூடுவார்கள், ஓட்டலை விட்டு வெளியே வர முடியாது.

ஆனால் தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. காவடி பார்க்க ஆசைப்பட்டால் மழையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு அதில் இரண்டாவது யோசனையே கிடையாது, காவடிக்கே வாருங்கள்.

கோட்டை என்றால் செஞ்சிக் கோட்டை மாதிரி இருக்குமா?

அப்படி எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே ராஜா கிடையாது, அரண்மனை கிடையாது. மனிதர் நிலையாகக் குடியேறியதே 1638இல் டச்சுக்காரர்கள் வந்த பிறகுதான். அவர்கள் 1710இல் கைவிட்டுப் போனார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். 1810இல் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவன் கடல் வழியாக வருவான் என்று பயந்து கட்டியவைதான் இங்குள்ள கோட்டைகள். எல்லாம் கறுப்பு எரிமலைக் கல். அளவில் சின்னவை, ஆனால் நின்று பார்த்தால் இந்தத் தீவை எதற்காக இத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்பது புரியும்.

முதலில் பார்க்க வேண்டியது போர்ட் லூயிஸில் நகரத்துக்கு நடுவே குன்றின் மேல் இருக்கும் அடிலெய்டு கோட்டை. உள்ளூரில் சிதடெல் என்று சொன்னால்தான் டாக்ஸிக்காரருக்குப் புரியும். 1834இல் தொடங்கி 1840இல் முடித்தார்கள். பிரிட்டிஷ் அரசர் நான்காம் வில்லியமின் மனைவி பெயரை வைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஆண்டைத்தான். 1835 பிப்ரவரி 1ஆம் தேதி இங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த பிரெஞ்சு முதலாளிகள் கலகம் செய்வார்களோ என்ற கவலை ஆட்சியாளர்களுக்கு இருந்தது. அதனால் கடலை மட்டுமல்லாமல் ஊரையும் கண்காணிக்கும் இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் 1812இல் தொடங்கிய குதிரைப் பந்தய மைதானம், பின்னால் லெ பூஸும் பீட்டர் போத்தும். சுவருக்குப் பக்கத்தில் போய்க் கல்லைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கடினமான கறுங்கல்லைச் செதுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கியிருக்கிறார்கள். அதைச் செய்த கைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது.

அங்கிருந்து கீழே இறங்கினால் துறைமுகத்தை ஒட்டி ஆப்ரவாசி காட். 1834 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளாக முதல் இந்தியர்கள் வந்து இறங்கினார்கள். 1849 முதல் அவர்களைப் பதிந்து தோட்டங்களுக்கு அனுப்பிய இடம் இதுதான். ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் இந்த வழியாக வந்திருக்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோட்டையைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் போவதில் அர்த்தமே இல்லை. மேலே அடிமை முறை முடிகிற நேரத்துக் கோட்டை, கீழே அடிமைகள் இடத்தை நிரப்பக் கொண்டுவந்தவர்கள் ஏறிய படிக்கட்டு. இரண்டுக்கும் நடுவே நடந்து போகும் தூரம்தான்.

போர்ட் லூயிஸ் தவிர வேறு கோட்டைகள்?

மேற்குக் கடற்கரையில் லா பிரெனேஸில் ஒரு மார்டெல்லோ கோபுரம் இருக்கிறது. 1830களில் பிரிட்டிஷ்காரர்கள் கட்டிய வட்டமான காவல் கோபுரம். குண்டு வந்து விழக்கூடிய கடல் பக்கச் சுவரை அதிகத் தடிமனாக வைத்திருப்பார்கள். இப்போது சின்ன அருங்காட்சியகம். பிளாக் ரிவர் காட்டுக்குப் போகும் வழியில் பார்த்துவிடலாம்.

தென்கிழக்கில் வியூ கிராண் போர் என்ற ஊரில் டச்சுக்காரர்களின் ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக் கோட்டை இருந்த இடத்தில் இடிபாடுகளும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. மேலே சிங்க மலை, எதிரே விரிகுடா. 1810 ஆகஸ்டில் அந்த விரிகுடாவில்தான் பிரெஞ்சுக் கப்பல்களும் பிரிட்டிஷ் கப்பல்களும் மோதின. உள்ளே வர வழி தெரியாமல் பவளப் பாறையில் சிக்கிய இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அவர்களுடைய ஆட்களே தீ வைத்துவிட்டு இறங்கினார்கள், மற்ற இரண்டும் பிடிபட்டன. பாரிஸில் உள்ள வெற்றி வளைவில் இந்த வெற்றியின் பெயரும் பொறித்திருக்கிறது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் இந்தியச் சிப்பாய்களையும் சேர்த்துக்கொண்டு பெரும் படையோடு வடக்கில் இறங்கிய பிரிட்டிஷார் தீவையே எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் மஹேபூரில் ஒரு பழைய பிரெஞ்சு மாளிகை தேசிய வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது. சண்டையில் காயம்பட்ட இரு தரப்புத் தளபதிகளுக்கும், பிரெஞ்சு துப்பெரேக்கும் பிரிட்டிஷ் வில்லோபிக்கும், ஒரே கூரையின் கீழ் சிகிச்சை நடந்தது அந்த வீட்டில்தான். விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் ஊர் திரும்பும் நாளில் இதை வைத்துக்கொள்ளலாம்.

தமிழர்கள் இங்கே கரும்புத் தோட்டத்துக்குத்தானே வந்தார்கள்?

அதற்கு நூறு வருடம் முன்பே வந்துவிட்டார்கள். 1735 முதல் 1746 வரை ஆளுநராக இருந்த மஹே தெ லபோர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாக எழுப்பியபோது பாண்டிச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார், தச்சர் போன்ற கைவினைஞர்களை அழைத்து வந்தார். தோட்டத்துக்கு ஆள் வந்தது அதற்கெல்லாம் பிறகு. அதனால் போர்ட் லூயிஸின் பழைய தெருக்களில் நடக்கும்போது கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொல்வேன். நம்மவர்கள் வியர்வை அந்தக் கற்களிலும் இருக்கிறது.

எந்தெந்தக் கோவில்களைத் தவறவிடக் கூடாது?

கோவில் இல்லாத ஊரே இங்கே அபூர்வம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்வது மூன்று இடங்கள்.

ஒன்று, போர்ட் லூயிஸை ஒட்டிய சேன்ட் குரோவாவில் உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில். ஊர்மக்கள் கைலாசம் என்பார்கள், பெயர்ப்பலகையிலும் பேருந்துக்காரர் வாயிலும் 'கைலாசோன்' என்று வரும். மதுரைத் தெய்வங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து குடிவைத்த 19ஆம் நூற்றாண்டுக் கோவில். கோபுரத்துக்குப் பின்னால் மலை வரிசை நிற்பதைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும். அதே சேன்ட் குரோவாவில்தான் பாதிரியார் லவாலின் கல்லறையும் இருக்கிறது. விடுதலையான அடிமைகளுக்காக வாழ்ந்தவர், 1979இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே நடந்து போகும் கூட்டத்தில் தமிழ்க் குடும்பங்களும் இருக்கும். இரண்டு இடத்துக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வருவது இங்கே சாதாரணம்.

இரண்டாவது, காத்ர் போர்ன் ஊரில் கோர் தெ கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவில், சிவ சுப்பிரமணியர் கோவில். படி ஏறிப் போக வேண்டும். குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பதை நம் முன்னோர்கள் கப்பலிலும் மறக்கவில்லை. வந்த ஊரில் நல்ல குன்றாகப் பார்த்து வேலை நட்டுவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும்.

மூன்றாவது கிராண் பாசென், அதாவது கங்கா தலாவ். எரிமலை வாயில் தேங்கிய ஏரி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீவின் வடக்கில் இருந்த ஓர் அர்ச்சகர் கண்ட கனவிலிருந்து தொடங்கிய யாத்திரை இது. 1972இல் கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் கலந்தார்கள். வழியிலேயே 33 மீட்டர் உயரச் சிவன் சிலை நிற்கிறது. மகா சிவராத்திரிக்குத் தீவின் எல்லா மூலையிலிருந்தும் வெள்ளை உடையில் நடந்தே வருவார்கள். பெரும்பாலும் பீகார் பக்கத்துப் போஜ்பூரி பேசியவர்களின் வழி வந்த குடும்பங்கள் தொடங்கியது என்றாலும் இன்று எல்லா இந்துக்களும் போகிறார்கள். சாதாரண நாளில் போனால் மூடுபனியும் காற்றும்தான் துணை. வெறுங்காலில் ஏரிப் படியில் நிற்கும்போது கல் சில்லென்று ஏறும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசக் காவடியை வெளியூர்க்காரர்கள் பார்க்கலாமா? எடுக்கலாமா?

தாராளமாக. இங்கே அன்று அரசு விடுமுறை. பத்து நாளுக்கு முன்பு கொடியேற்றுவார்கள், அன்றிலிருந்து வீட்டில் கறி, மீன், மது எதுவும் கிடையாது. இந்த விரதத்தை இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் 'கரேம்' என்று சொல்வார்கள். காவடி எடுக்க விரும்பினால் முன்கூட்டியே கோவிலில் பேசி, அந்த விரதத்தை முழுதாக இருந்துதான் எடுக்க வேண்டும். நடுவில் வந்து சேர்ந்துகொள்கிற விஷயம் இல்லை.

பார்க்க மட்டும் வருகிறீர்கள் என்றால் விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள். மரத்தில் வளைத்துக் கட்டிய காவடி, மேலே பூவும் இளங்குருத்தோலையும் மயிலிறகும், இரண்டு பக்கமும் தொங்கும் பால் சொம்பு. முதுகில் எலுமிச்சம்பழம் கோத்த கொக்கிகள், கன்னத்திலும் நாக்கிலும் வேல். சிலர் ஆணி அடித்த பாதக்குறடில் நடப்பார்கள். ஜனவரி வெயிலில் தார் ரோடு கொதிக்கும்போது தெருவோர வீட்டுக்காரர்கள் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இத்தனை மணி நேரம் வெயிலில் வந்த பால் திரியாமல் முருகனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் முழுப் பிரார்த்தனையும்.

படம் எடுக்கலாம், ஆனால் நாக்கில் வேல் குத்தியவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். அவர் மௌனத்தில் இருக்கிறார், வேண்டாம் என்று சொல்லக்கூட அவரால் முடியாது. கூட நடக்கும் அம்மாவிடமோ அண்ணனிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

தீமிதி எப்போது?

அதுவும் பெரும்பாலும் கோடைக்காலத்தில்தான். ஒவ்வொரு மாரியம்மன், திரௌபதி அம்மன் கோவிலுக்கும் தனித்தனி நாள் உண்டு. கோவிலில் நேரே கேட்பதுதான் வழி.

கோவிலில் உடை, சாப்பாடு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

தமிழ்நாட்டுப் பழக்கமே இங்கேயும். அரைக்கால் சட்டை வேண்டாம். கடலில் குளித்த ஈர உடையோடு யாரும் வர வேண்டாம். அசைவம் சாப்பிட்ட நாளில் கோவிலுக்குப் போவதை இங்கே யாரும் விரும்புவதில்லை, இந்த விஷயத்தில் ஊரில் இருப்பவர்களைவிட நாங்கள் கண்டிப்பு. புரட்டாசியில் பல வீடுகளில் மாதம் முழுக்கவே சைவம்.

விசேஷ நாட்களில் கோவிலில் சாப்பிட உட்காரச் சொன்னால் தயங்காமல் உட்காருங்கள். வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு வரும். பூசணி, பலாக்காய், கத்தரி என்று ஒவ்வொரு கறியாகச் சோற்றைச் சுற்றி வைத்து, ரசம் ஊற்றி, பாயசத்தில் முடியும். ஊர்ச் சமையலின் சுவையும் இல்லை, ஓட்டல் சுவையும் இல்லை. இரண்டு நூற்றாண்டு இந்தத் தீவிலேயே சமைத்துப் பழகிய கை அது.

காட்டில் யானை, சிறுத்தை ஏதாவது உண்டா? பாம்பு?

எதுவும் இல்லை. மனிதனைத் தாக்கும் மிருகமும் கிடையாது, விஷப் பாம்பும் கிடையாது. நடுக்கடலில் உருவான தீவு என்பதால் தானாக வந்து சேர்ந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். மான், குரங்கு, காட்டுப்பன்றி எல்லாம் கப்பலில் வந்தவை. ஜாவா மானை டச்சுக்காரர்கள் 1639இல் கொண்டுவந்தார்கள்.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். மஞ்சள் குளவி. உள்ளூரில் 'முஷ் ஜோன்' என்பார்கள். பாதையோரச் செடியில் இலைக்கு அடியில் கூடு கட்டும், கை பட்டால் கூட்டமாகக் கொட்டும். செடிகளை ஒதுக்கிக்கொண்டு நடக்கும்போது இலையின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்துக் கை வையுங்கள்.

அப்படியானால் காட்டில் பார்க்க என்னதான் இருக்கிறது?

பறவை. உலகத்தில் வேறு எங்குமே இல்லாத பறவைகள். டோடோ தெரியும் அல்லவா? பறக்கத் தெரியாத அந்தப் பெரும் பறவை இந்தத் தீவில்தான் இருந்தது. 1598இல் டச்சுக் கப்பல்கள் வந்தன, 1662க்குப் பிறகு அதைப் பார்த்ததற்கு நம்பத் தகுந்த சாட்சி இல்லை. மனிதனும், அவன் கொண்டுவந்த எலி, பன்றி, குரங்கும் சேர்ந்து முடித்துவிட்டார்கள். ஒரே பறவையின் எலும்புகள் முழுமையாகச் சேர்ந்த டோடோ எலும்புக்கூடு உலகத்திலேயே ஒன்றுதான், அது போர்ட் லூயிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தியென் திரியூ என்ற முடிதிருத்துபவர் லெ பூஸ் மலைப் பக்கம் தேடி எடுத்தது.

அதே கதி இன்னொரு பறவைக்கும் வந்திருக்கும். மொரிஷியஸ் வல்லூறு 1974இல் காட்டில் நான்கே நான்கு இருந்தது. காடு அழிந்தது, பூச்சிக்கொல்லி உடம்பில் சேர்ந்தது, கீரியும் பூனையும் கூட்டைக் கலைத்தன. 1970களின் கடைசியில் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளர் இங்கேயே தங்கி வேலை செய்தார். கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்தால் தாய்ப் பறவை மறுபடி முட்டையிடும். அந்த வழியில் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு என்று குறைந்துபோயிருந்த இளஞ்சிவப்புப் புறாவும் பச்சைக்கிளியும் அப்படித்தான் மீண்டன.

நான் இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிளாக் ரிவர் கோர்ஜ் தேசியப் பூங்காவில் ஒரு புறா கிளையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பலர் 'புறாதானே' என்று நடந்துவிடுகிறார்கள். மங்கிய ரோஜா நிற மார்பு, செம்பழுப்பு வால், ஆளைக் கண்டு அதிகம் பயப்படாத நிதானம். ஒரு நிமிடம் நில்லுங்கள். நீங்கள் பிறந்த காலத்தில் அந்த இனமே ஒரு கூடைக்குள் அடங்கிவிடும் நிலையில் இருந்திருக்கலாம்.

தேசியப் பூங்காவில் எந்தப் பாதை யாருக்கு ஏற்றது?

1994இல் அமைத்த பூங்கா, பரப்பு 6,574 ஹெக்டேர். நுழைவுக் கட்டணம் இல்லை. மேலே பெத்ரேனிலும் கீழே பிளாக் ரிவர் பக்கத்திலும் தகவல் மையங்கள் இருக்கின்றன. போனதும் அங்கே இருப்பவரிடம் பாதை நிலவரம் கேட்டுவிடுங்கள்.

வயதானவர்கள், குழந்தைகள் இருந்தால் கோர்ஜ் காட்சி முனை போதும். கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச நடைதான். பள்ளத்தாக்குக்கு மேலே நீண்ட வால் கொண்ட வெள்ளைக் கடல் பறவைகள் வட்டமிடும். அலெக்சாண்ட்ரா அருவியும் பக்கம்தான். பெத்ரேனிலிருந்து மக்காபே காட்டுக்குள் சமதரையாகப் போகும் அகலமான பாதையில் முடிந்தவரை போய்த் திரும்பலாம்.

நடக்கத் தெம்பு உள்ளவர்கள் அதே மக்காபே பாதையில் தொடர்ந்து பிளாக் ரிவர் வரை இறங்கலாம், சுமார் 10 கிலோமீட்டர். இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும், மழை பெய்திருந்தால் செம்மண் வழுக்கும். முக்கியமான விஷயம், தொடங்குவது மேட்டில், முடிவது மேற்குக் கரைப் பக்கம். காரை மேலே விட்டுவிட்டு இறங்கினால் திரும்பி எடுக்கப் பெரிய சுற்று. ஓட்டுநரைக் கீழே வந்து நிற்கச் சொல்லிவிடுங்கள். பிளாக் ரிவர் சிகரம் ஏற அரை நாள் ஒதுக்குங்கள், கடைசிப் பகுதிதான் செங்குத்து.

ஜூன், ஜூலையில் மாலை 6 மணிக்கு முன்பே இருட்டிவிடும். எந்தப் பாதையானாலும் காலை 8 மணிக்குள் தொடங்குவது உத்தமம்.

காட்டில் சிவப்புக் கொய்யா பறித்துச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும்! கோலிக்குண்டு அளவு சின்னக் கொய்யா, குளிர்காலத்தில் பழுக்கும். குடும்பம் குடும்பமாகப் பை எடுத்துக்கொண்டு போய்ப் பறிப்பார்கள். உப்பும் மிளகாயும் போட்டுக் குலுக்கிச் சாப்பிடுவது இங்கே வழக்கம். ஆனால் அந்தச் செடி பிரேசில் பக்கமிருந்து வந்து காட்டையே மூடிக்கொண்டிருக்கும் களை. நல்ல நிலையில் உள்ள பூர்வீகக் காடு இந்தத் தீவில் 2 சதவீதத்துக்கும் குறைவு. கருங்காலியை டச்சுக்காரர்கள் வெட்டினார்கள், மீதியைக் கரும்புக்காக அழித்தார்கள், மிஞ்சியதை இந்தக் கொய்யா நெரிக்கிறது. அதனால் கொய்யாப் பழத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பறியுங்கள். மற்றச் செடி எதிலும் ஒரு இலையைக்கூடக் கிள்ள வேண்டாம். சாப்பிட்ட கொட்டையைப் புதுக் காட்டுக்குள் துப்பவும் வேண்டாம்.

குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா?

கூடாது. கிராண் பாசெனிலும் காட்சி முனைகளிலும் கையிலிருந்தே பிடுங்கும். ஆஞ்சநேயர் என்று நினைத்துக் கொடுப்பவர்களின் மனசு புரிகிறது. ஆனால் இந்தக் குரங்கு அரிய பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. நாம் தீனி போட்டுப் பெருக்கினால் அது பறவைக்குத்தான் ஆபத்து.

நடக்க முடியாதவர்கள் இந்தப் பறவைகளைப் பார்க்க வழி உண்டா?

மஹேபூர் அருகே கடலுக்குள் இல் ஓ எக்ரெத் என்ற சின்னப் பவளத் தீவு இருக்கிறது, சுமார் 26 ஹெக்டேர். மொரிஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளை பராமரிக்கிறது. கட்டணம் செலுத்தி, படகில் போய், வழிகாட்டியோடு மட்டுமே சுற்றலாம். இளஞ்சிவப்புப் புறா, கருங்காலி மரம், சீஷெல்ஸைச் சேர்ந்த அல்டாப்ரா தீவிலிருந்து கொண்டுவந்த ராட்சத ஆமை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பீரங்கி மேடையும் உண்டு. கோட்டையும் காடும் ஒரே இடத்தில் கிடைத்த மாதிரி.

கொஞ்சம் வடக்கே ஃபெர்னே பள்ளத்தாக்கு. 2000களின் தொடக்கத்தில் இதற்குள் நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டார்கள், மக்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். இன்று அங்கே வல்லூறு பறக்கிறது.

லெ மோர்ன் மலை ஏறலாமா?

ஏறலாம், பொதுப்பாதை இருக்கிறது. 556 மீட்டர் மலை, தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் பாதி யாரும் நடக்கலாம், அதன் பிறகு கையைக் காலை ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும். உயரப் பயம் இருந்தால் பாதியில் நின்றுவிடுங்கள், காட்சிக்குக் குறைவில்லை.

ஆனால் இதை வெறும் மலையேற்றமாக நினைக்க வேண்டாம். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை இது. விடுதலைச் செய்தி சொல்ல வந்த ஆட்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணிப் பலர் மேலிருந்து குதித்துவிட்டதாகச் சொல்வார்கள். 2008இல் யுனெஸ்கோ சின்னமானது. அந்த அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களுக்கு இது நமக்குக் கோவில் மாதிரிதான். பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறுபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. தேசிய மலரான காதுத்தொங்கல் போன்ற சிவப்புப் பூ இந்த மலையில்தான் இயற்கையாக வளர்கிறது. பார்த்தால் பார்ப்பதோடு விடுங்கள்.

தமிழ் பேசினால் புரியுமா?

வீட்டிலும் தெருவிலும் கிரியோல்தான். பிரெஞ்சும் ஆங்கிலமும் எல்லோருக்கும் ஓரளவு வரும். தமிழ்ப் பேச்சு பல குடும்பங்களில் நின்றுபோய்விட்டது. ஆனால் தேவாரம் பாடுவார்கள், வணக்கம் சொல்வார்கள், பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும். 'தமிழரா, தமிழ் தெரியாதா?' என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். மெதுவாக இரண்டு வார்த்தை தமிழில் பேசிப் பாருங்கள், அவர்கள் முகம் மலரும்.

போக்குவரத்துக்கு என்ன செய்வது?

போர்ட் லூயிஸிலிருந்து காத்ர் போர்ன் வழியாக கியூர்பிப் வரை மெட்ரோ ஓடுகிறது, நகரக் கோவில்களுக்கு அது போதும். காட்டுப் பக்கம் பேருந்து குறைவு, கார் வேண்டும். வண்டி இந்தியாவைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஷமரேல் மலைச்சாலையில் வளைவுகள் குறுகல், மூடுபனி இறங்கினால் விளக்கைப் போட்டு மெதுவாகப் போங்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

மலைப் பக்கத்துக்கு மட்டும் நான்கு நாளாவது. ஒரு நாள் போர்ட் லூயிஸ்: காலையில் கைலாசம், பிறகு சிதடெல், ஆப்ரவாசி காட், டோடோ, சந்தையில் ஒரு டம்ளர் அலூதா. சப்ஜா விதை போட்ட பால்தான் அது, வெயிலுக்கு இதம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஊர் அடைத்துக் கிடக்கும். ஒரு நாள் கிராண் பாசெனும் பெத்ரேனும். ஒரு நாள் லெ மோர்ன், திரும்பும்போது மார்டெல்லோ கோபுரம். ஒரு நாள் தென்கிழக்கு. முருகன் கோவிலை எந்த நாளின் காலையிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் ஏழெட்டு இடம் காட்டுகிறேன் என்று அழைக்கும் வண்டியில் ஏறினால் கார் கண்ணாடி வழியாகத்தான் எல்லாம் பார்ப்பீர்கள்.

வழியில் பசித்தால் தால் பூரி வாங்குங்கள். பட்டாணிப் பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, உள்ளே அவரைக் கறியும் சட்னியும். சைவம்தான், எங்கும் கிடைக்கும்.

மலையில் வழி தவறினாலோ அடிபட்டாலோ?

தனியாகப் போக வேண்டாம். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னல் போய்விடும், மேட்டுக்கு வந்தால் கிடைக்கும். மூடுபனி இறங்கினால் இருந்த இடத்திலேயே உட்காருங்கள், பெரும்பாலும் சற்று நேரத்தில் விலகும். குறுக்கு வழி தேடி ஓடையோரமாக இறங்கினால் அருவி விளிம்பில் போய் நிற்பீர்கள். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114, தீயணைப்பு 115. கிளம்பும் முன்பே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.